பெரிய வெள்ளியன்று கேட்ட ஆணி

செங் என்ற ஊரில் ஒரு கடையில் ஆணி வாங்கினேன். உள்ளங்கையில் ஒட்டிய இரும்பு வாடை என்னைக் காஜா பேராங் என்ற ஊரில் அப்போது இருந்த அப்பாவின் இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், பெரிய வெள்ளி. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாளில் அப்பா ஆணியைத் தொடமாட்டார். கடை பூட்டியே இருக்கும். மாதா கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் தச்சர் வேலு வாசலில் வந்து நின்றார்.

"முதலாளி, சவப்பெட்டிக்கு ஆணி பத்தல. காலையிலேர்ந்து செத்த பிள்ளையத் தரையில கிடத்தி வச்சிருக்காங்க."

அப்பா கடைச் சாவியைப் பார்த்தார். வேலு நகரவில்லை.

அம்மா என்னைக் காட்டி, "பாப்பாவ எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க," என்றார் மெதுவாக.

"பாவம்னா அது என்னோட போகட்டும்," என்றார் அப்பா.

சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவே போனார். திரும்பி வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

கோயிலில் எல்லாரும் சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்யப் போனார்கள். வருஷா வருஷம் முதல் ஆளாகப் போகிற அப்பா, கடைசி பெஞ்சைவிட்டு எழவே இல்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா, இன்னும் கழுவல."

இன்று வீட்டுக்கு வந்த பிறகும் நான் கை கழுவவில்லை.