இரவல் போன பம்ப் ஸ்டவ்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், வேலை முடிந்ததும் கையில் ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய். எங்கே பிடித்தாரோ தெரியாது. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள். நான் அங்கேயே நின்றேன். அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உத்திரமேரூரில் எங்கள் வயதுக்காரர்கள் யாரும் அது இல்லாமல் வளரவில்லை. ரேஷன் கடையில் எண்ணெய் ஊற்றுகிற நாளன்று விடிவதற்கு முன்பே கேன்கள் வரிசை கட்டிவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. கேன் நின்றால் ஆள் நின்ற மாதிரி. எங்கள் கேனின் காதில் அம்மா பச்சை ரிப்பன் கட்டியிருப்பாள். நான் அப்போதுதான் காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய உத்தியோகம்! பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுளிப்பாள். காலையில் கேன் தூக்கிய கை எந்த சோப்புக்கும் மசியாது.

அந்த எண்ணெய் போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் திரி ஸ்டவ்தான். பஜாரில் பாய் கடையில் திரி கட்டுக்கட்டாகத் தொங்கும். பம்ப் ஸ்டவ் எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. பித்தளையில் பளபளவென்று, பம்ப்பால் காற்றடித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற இரைச்சலோடு எரியும். சீமந்தம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் அது இரவல் போகும். எண்ணெய் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பெருமை. புளி போட்டுத் தேய்த்துத் திருப்பித் தருவது வாங்கியவர்கள் மரியாதை. துக்க வீட்டுக்கு என்று கேட்டால் மட்டும் மறு பேச்சே கூடாது.

எதிர் வீட்டு மருமகள் சரளா புள்ளலூரிலிருந்து வாழ வந்தவள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் குடிப்பான், அடிப்பான். மாமியார் தடுக்க மாட்டாள், அடிக்கக் கட்டை எடுத்துக் கொடுப்பாள். இது தெருவுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலறல் கேட்டு ஓடினோம். சரளாவைச் சாக்கு போர்த்தி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஸ்டவ்வு வெடிச்சிச்சி. நான் இன்னா பண்ணுவேன், ஸ்டவ்வு வெடிச்சிச்சி."

கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் இருந்தது திரி ஸ்டவ். அது புகையும், கவிழும். வெடிக்க அதில் காற்று ஏது? முந்தின வாரம்தான் சரளா என் அம்மாவோடு பாய் கடைக்குப் போய்ப் புதுத் திரி வாங்கி வந்திருந்தாள். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் அந்த மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஊர்லேந்து ஜனம் வந்துக்கினு கீது. காப்பித் தண்ணி வெக்கணும். உன் பம்ப் ஸ்டவ்வ குடு" என்றாள். அம்மா எண்ணெய் நிரப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை போலீஸ் ஏட்டு வந்தார். நாங்களும் போய் எட்டிப் பார்த்தோம். எதிர் வீட்டுச் சமையலறையில் எங்கள் ஸ்டவ் கரி பிடித்து, வாய் பிளந்து, குப்புறக் கிடந்தது. அம்மா வாசற்படியில் கால் வைத்தாள். அப்பா அவள் முழங்கையைப் பிடித்து, "நமக்கு எதுக்கு ஊர் பேஜாரு, வா" என்றார். அம்மா கையை உதறிக்கொண்டு நேராக உள்ளே போனாள்.

"எங்க ஸ்டவ்வு அது. காப்பி வெக்கணும்னு நேத்து சாய்ந்தரம் வாங்கினு போனாங்க. குடுங்க, நாஷ்டா பண்ணணும்."

என் அம்மா அவ்வளவு தைரியசாலி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஏட்டு எழுதுவதை நிறுத்தினார்.

"இல்லீங்க சார், இது எங்க வூட்டுது. அவுங்களுதும் இதே மாறி இருக்கும்" என்றாள் மாமியார்.

ஏட்டு இருவரையும் பார்த்தார். "பொண்ணுக்கு நெனவு கீது. நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் வந்து கேப்பாரு. அது இன்னா சொல்லுதோ அதான்" என்று சொல்லி, ஸ்டவ்வைச் சாக்கில் போட்டு எடுத்துப் போய்விட்டார்.

அன்றைக்கே நானும் அம்மாவும் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொசுவலைக்குள் வாழை இலை மேல் கிடத்தியிருந்தார்கள். கண்ணை வைத்துத்தான் சரளா என்று தெரிந்தது. புருஷன் டீ குடிக்கப் போயிருந்தான்.

அம்மா குனிந்து, "நெசத்த சொல்லிடு சரளா. நான் சாட்சி நிக்கிறேன்" என்றாள்.

"பொயச்சா சொல்றேங்க்கா" என்றாள் சரளா. பிறகு, "பொயைக்கலனா? புள்ள அந்த வூட்லதான வளரணும். எங்க அம்மா வூட்ல அத வெச்சிக்க யாரு கீறாங்க? அதுங்கள உள்ள தள்ளிட்டா புள்ளைக்கு சோறு போடறது யாரு?"

அம்மா கொசுவலையின் ஓரத்தை இழுத்துச் செருகினாள்.

ஸ்டவ் வெடித்தது என்றே சரளா மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை செத்துப்போனாள். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஸ்டவ் திரும்பி வரவில்லை, நாங்களும் போய்க் கேட்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் தெரு முழுக்க கேஸ் வந்தது. கேன் வரிசை போயிற்று. பாய் கடையில் திரி தொங்கிய ஆணியில் செல்போன் கவர் தொங்கியது. எதையும் யாரும் யாரிடமும் இரவல் கேட்பதில்லை.

சரளாவின் மகள் அந்த மாமியார் கையிலேயே வளர்ந்து, தன் கல்யாணப் பத்திரிகையை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதே கண்.

"சீர் சாமானெல்லாம் வாங்கியாச்சு பெரிம்மா. ஆயா எனக்குக் கரண்டு அடுப்பு வாங்கிக் குடுத்துக்கீது. எங்கம்மாக்கு ஆன மாறி ஆயிடக்கூடாதாம், நெருப்பே வேணாம்னு சொல்லுது."

அம்மா தலையை ஆட்டினாள்.

"நான் பம்ப் ஸ்டவ்வே பாத்ததில்ல பெரிம்மா. எங்கம்மா சமைச்ச ஸ்டவ்வு எப்டி இருக்கும்? நீங்க பாத்துக்கீறீங்களா?"

அம்மா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கீறேன். பித்தளைல இருக்கும்மா, மூணு காலு. பளபளன்னு தேச்சி வெச்சிருப்பா உங்கம்மா" என்றாள்.