அலையடிக்காத இடம்

நேற்று மகள் கைப்பேசியை நீட்டி, "லீவுக்கு இங்கன போவோமாப்பா?" என்றாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிய பிள்ளைகள், நீளமான ரப்பர் படகில் வரிசையாக உட்கார்ந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் தெரிந்த செம்மணல் மேட்டை, தேரியைப் பார்த்ததும் இடம் பிடிபட்டுவிட்டது. உடனே எனக்குப் பெட்ரோல் வாடை அடித்தது. சிரிக்காதீர்கள், என் கூட்டாளி காஜாவின் பைக்கில் டேங்க் ஒழுகும். அந்தக் கடற்கரைக்கு அதில்தான் போனோம்.

அப்போது நானும் காஜாவும் எங்கள் ஊர்ப் பக்கத்து வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தோம். அவனுக்கு ஏரல், எனக்கு ஆழ்வார்திருநகரி. ஞாயிற்றுக்கிழமையானால் ஆற்றில்தான் கிடப்போம். நீச்சலில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம், வேறு யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. அவனுக்குத் துபாய் விசா வந்திருந்த நேரம்.

"கடலத் தாண்டிப் போறதுக்கு முன்னால, கடல்ல ஒருக்க நீந்திப் பாத்துருவோம்லே" என்றான்.

பைக்கை ரோட்டோரம் விட்டுவிட்டுத் தேரி மணலில் நெடுநேரம் நடந்தோம். கரையில் ஒரே ஒரு மீனவர், கட்டுமரத்தருகே வலையை உதறிக்கொண்டிருந்தார். ஆற்றில் வளர்ந்தவனுக்கு ஒரு கணக்கு உண்டு. நுரைக்கிற இடத்தில் அடியில் பாறை கிடக்கும், தண்ணீர் சும்மா கிடக்கிற இடம்தான் நல்ல இடம். அங்கே இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கிடந்தது.

"நம்ம படித்துறை மாதிரில்லா இருக்கு!" என்று காஜா குதித்தான். நானும் குதித்தேன். மீனவர் எழுந்து கையை ஆட்டிக் கத்தினார். மரியாதை தெரிந்தவர்கள் இல்லையா, நாங்களும் கையை ஆட்டினோம்.

திரும்பிப் பார்த்தபோது கரை தூரத்தில் இருந்தது. கரையைப் பார்த்து நீந்த நீந்த, தண்ணீர் எங்களை உள்ளேயே கொண்டுபோனது. காஜாவுக்குக் கை ஓய்ந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் முங்கினோம். மூக்கில் உப்பு ஏறியது. நான் அவன் வயிற்றில் காலை ஊன்றி உதைத்தேன். பிடி விடவில்லை. மறுபடி உதைத்தேன். விட்டுவிட்டான்.

பக்கத்து அலையில் சிக்கி நான் கரையில் வந்து விழுந்தேன். மீனவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய், காஜாவை முடியைப் பிடித்துத் தூக்கிவந்தார்.

"ஆத்துத் தண்ணில குளிச்ச பயலுவளா? அலையடிக்காத எடத்துலதாம்வே கடல் உள்ள இழுக்கும். அதத்தான கத்துனேன்!"

காஜா மணலில் கவிழ்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். அவன் வயிறு கன்றிச் சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

வீட்டில் அவன் தன் உம்மாவிடம் சொன்னது இதுதான்: "இவன் என்னப் புடிச்சிக்கிட்டு இருந்தான் உம்மா. இல்லேன்னா நான் மையத்துதான்." உம்மா அழுதுகொண்டே என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது. நடந்தது நினைவில்லாமல் சொன்னானா, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் முதலில் என்னைத்தான் பார்க்க வருவான். பேரீச்சம்பழம், சென்ட், ஒன்றிலும் குறை வைத்ததில்லை. ஆற்றுக்குப் போவோமா என்று மட்டும் அவனும் கேட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

போன லீவில் அவன் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, ஆத்துக்குப் போவோம். எனக்கு நீச்சல் சொல்லித் தாங்க."

நான் எழுந்தே விட்டேன். காஜா பைய மகன் கையை என் கையிலிருந்து விடுவித்தான்.

"மாமாவுக்கு நீச்சல் தெரியாதுலே" என்றான், என்னைப் பார்த்துச் சிரித்தபடியே.

"ஆமாப்பா, தெரியாது" என்று நானும் சொன்னேன்.