நாலரைக் கிலோ ரம்பம்

இரண்டு விறகுத் துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். 'டங்' என்று கேட்டால் இடது பக்கம் அடுக்குவார். 'பொத்' என்றால் வலது பக்கம் எறிவார். காலை ஏழு மணிக்குப் பின்வாசலில் தினமும் நடக்கிற வேலை இது. தெருவில் யாரும் இப்போது எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. "ஈர விறகு சூடும் குடுக்காது, வெளிச்சமும் குடுக்காது. கண்ணீரை மட்டும் தாராளமா குடுக்கும்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார்.

எல்லோருக்கும் அவர் தையலக்கா. வயது அறுபத்தொன்று. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதற்கு வலப்புறம் இரும்பு விறகடுப்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அழகு பார்த்துச் செய்த ஏற்பாடு அல்ல. குளிர் தொடங்கிவிட்டால் அக்காவின் விரல் கணுக்கள் விறைத்துக்கொள்ளும். அடுப்பு எரிந்தால்தான் ஊசியில் நூல் ஏறும், கத்தரி நேராக ஓடும். போன வருடம் குளிர் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே விறகு தீர்ந்துவிட்டது. மூன்று கல்யாண உடுப்புகளைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு பெண் இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை.

மரத்துக்குப் பஞ்சமில்லை. புருஷன் விட்டுப்போன மரங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. வருடத்துக்கு இரண்டு மரமாவது காற்றில் சாயும். அறுக்கத்தான் கொழுந்தன் வரவேண்டும். புருஷன் இறந்த இந்தப் பதினோரு வருடமாக இதுதான் நடைமுறை. மரக்கிடங்கில் இருக்கும் சிநேகிதனிடம் ரம்பத்தை இரவல் வாங்கிக்கொண்டு, தனக்கு ஒழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். அறுப்பான். அறுத்ததில் பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். எந்தப் பாதி என்று கேட்கக் கூடாது. அடிமரம் முழுவதும் அவன் வண்டியில், கிளையும் கணுவும் அக்காவின் கொட்டகையில். வண்டியைக் கிளப்பும்போது, "நான் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு என்ன கவலை அண்ணி?" என்று ஒரு வார்த்தை வேறு. கவலையே அதுதான் என்று அக்கா அவனிடம் சொன்னதில்லை. துணி வெட்டும்போது கத்தரியிடம் சொல்லிக்கொள்வார்.

அதனால்தான் இந்த வருடம் குளிருக்கு முன்னால் தனக்கென்று ஒரு சங்கிலி ரம்பம் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாங்குகிற ஆள் இல்லை அவர். ரம்பம் விற்கிற கடையிலிருந்து படம் போட்ட புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர்களின் இடுப்பளவும் கையளவும் எழுதுகிற நோட்டிலேயே ரம்பங்களுக்கும் அளவு எழுதினார். கனம் எவ்வளவு, சங்கிலி ஓடுகிற பட்டை எத்தனை அங்குலம், ரம்பம் துள்ளினால் சங்கிலியை நிறுத்த பிரேக் உண்டா. அடுப்புக்கு வேண்டியது முழங்கை நீளத் துண்டு, சாய்கிற மரமும் அப்படியொன்றும் பருமன் இல்லை, பதினாலு அங்குலப் பட்டை தாராளம் என்று கணக்கு முடிந்தது. மிச்சம் இருந்தது கனம்.

அதற்கு அக்கா செய்த காரியத்தைப் பார்த்துத்தான் தெருவே சிரித்தது. பழைய கால்சட்டைத் துணியில் நாலு பை தைத்து, மணல் நிரப்பி, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தார். நாலரைக் கிலோ, ஐந்தரை, ஆறு, ஏழு. ஒவ்வொரு பையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு கட்டைக்கு மேல் குனிந்து, அறுப்பதுபோலவே மேலும் கீழும் அசைத்தார். எதிரே கடிகாரம். நாற்பது வருடம் மெஷினில் குனிந்து தேய்ந்த வலது தோள், நாலரைக் கிலோவைப் பன்னிரண்டு நிமிடம் தாங்கியது. ஏழு கிலோவுக்கு இரண்டே நிமிடத்தில் கை நடுங்கிவிட்டது. "நடுங்குற கையில ரம்பத்தைக் குடுத்தா அது மரத்தையா தேடும்? காலைத்தான் தேடும்." புத்தகத்தில் போட்டிருக்கிற கனத்தையும் அவர் நம்பவில்லை. "அது வெறும் மெஷினோட கனம். பெட்ரோல், எண்ணெய், பட்டை, செயின் எல்லாம் சேர்ந்தா எவ்வளவுன்னு வாயே திறக்க மாட்டாங்க. சம்பந்தம் பேச வர்றவங்க மாப்பிள்ளையோட வயசைச் சொல்ற மாதிரி."

ரம்பம் வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரர், "யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"எனக்கு."

"அது சரிம்மா. ஓட்டப்போறது யாரு?"

"நான்தான்."

கடைக்காரர் அக்காவின் தோளுக்குப் பின்னால் பார்த்தார், யாராவது ஆண்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருக்கிறானா என்று. வரவில்லை. உடனே செடி நறுக்குகிற கத்தரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா அதைத் தொடவே இல்லை. சுவரில் தொங்கிய ரம்பங்களை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, தூக்கிப் பார்த்து, பிரேக்கை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, எண்ணெய் மூடியைத் திறந்து மூடினார். காலுக்குப் பாதுகாப்பாகப் போடுகிற தடித்த கால்சட்டையைக் கேட்டு வாங்கி, உள்புறம் வெளியே வரத் திருப்பி, தையலை நகத்தால் நெருடினார். "இந்தத் தையல் ரெண்டு துவைப்புக்குத் தாங்காது. நானே தைச்சுக்கிறேன்." கடைசியில் பதினாலு அங்குலப் பட்டை, எல்லாம் சேர்ந்து நாலரைக் கிலோ வருகிற ஒன்றைக் காட்டி, பணத்தையும் கட்டினார். புது மெஷின் கம்பெனியிலிருந்து வரப் பத்து நாளாகும் என்றார் கடைக்காரர். அந்தப் பத்து நாளில் அக்கா கால்சட்டையைத் தைத்து முடித்தார். ரம்பத்துக்கான விளக்கப் புத்தகத்தை முன்னாலேயே கேட்டு வாங்கி, மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படித்தார்.

இருபது நாளாகியும் ரம்பம் வரவில்லை. போய்க் கேட்டார்.

"அது அப்பவே வந்துருச்சேம்மா. உங்க கொழுந்தனார் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. நமக்குப் பழக்கமானவராச்சேன்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன், அண்ணி இந்த மாதிரி ஒண்ணு எடுத்திருக்காங்கன்னு. அவரு வந்து பாத்துட்டு, சின்னது வேணாம்னு இருபது அங்குலமா மாத்திக்கிட்டாரு. மேல ஆன பணத்தை அவரே குடுத்துட்டாரு. தங்கமான மனுஷன்."

"என்னோடதை எனக்குக் குடுங்க."

"அவரு அந்தப் பெருசுல இந்நேரம் பெட்ரோல் ஊத்தியிருப்பாரேம்மா. ஊத்தினதைத் திருப்பி எடுக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். ஆறு மாதம் மணலைத் தூக்கித் தூக்கி எடுத்த முடிவை, ஒரு போன் பேச்சில் இரண்டு ஆண்பிள்ளைகள் தீர்த்துவைத்துவிட்டார்கள். கடையில் நின்று கத்தியிருக்கலாம். கத்துகிற பெண்பிள்ளைக்கு ரம்பம் எதற்கு என்று அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

நேரே கொழுந்தன் வீட்டுக்குப் போனார். ரம்பம் அவன் கொட்டகையில் மேசைமேல் படுத்திருந்தது. அக்கா ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். தராசே வேண்டியிருக்கவில்லை; ஏழு கிலோவுக்கு மேல்.

"அண்ணி, நீங்க எடுத்தது பொம்மை. பிள்ளைங்க விளையாடுறது. வாங்குறதுதான் வாங்குறோம், உருப்படியா ஒண்ணு வாங்க வேணாமா?"

"இதை என்னால தூக்கி நிக்க முடியாது தம்பி."

"நீங்க எதுக்குத் தூக்கணும்? நான்தான் இருக்கேன்ல."

அன்று சாயங்காலம் மகள் போனில், "சித்தப்பா உதவிதானேம்மா பண்றாரு" என்றாள். "உதவிதாண்டி. எனக்கு வேணாங்கிற உதவி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குளிருக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. கொட்டகையில் நாலு நாளைக்குக்கூட விறகு இல்லை. இரண்டு கல்யாண உடுப்புகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். வண்டியிலிருந்து ரம்பத்தை இறக்குகிற தோரணையைப் பார்த்தால் அவனே அதைப் பெற்று வளர்த்தவன் என்று தோன்றும். கயிற்றை நாலு தடவை இழுத்ததும் மெஷின் உறுமியது. கட்டையில் வைத்து அழுத்தினான். தூள் கொட்டவில்லை. புகைதான் வந்தது. இன்னும் அழுத்தினான். பட்டை பதிந்த இடத்தில் மரம் அடுப்புக்கரியாகக் கருகியதே தவிர, அரை அங்குலம் இறங்கவில்லை. இடம் மாற்றி வைத்தான், வேறு கட்டையில் வைத்தான், காலை ஊன்றிக்கொண்டு வைத்தான். அரை மணி நேரத்தில் மூன்று கட்டையில் மூன்று கருப்புக் கோடு விழுந்தது.

"மரம் ஈரம் அண்ணி."

"போன வருஷம் சாஞ்ச மரம் தம்பி."

"உங்களுக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும்."

மெஷினை அணைத்துத் தரையில் வைத்துவிட்டு, ஒரு கட்டைமேல் உட்கார்ந்தான். அக்கா உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ரம்பத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கிலியைக் கையால் தொடாமல் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தையல் பழக வருகிறவர்கள் ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டு, நூல் சரியில்லை, துணி சரியில்லை என்று திட்டுவதை நாற்பது வருடம் பார்த்த கண். சங்கிலியைத் திருப்பிப் பூட்டியிருந்தான். கிடங்குக்காரனிடம் இரவல் வாங்கின ரம்பம் எப்போதும் பூட்டியே வரும். பெட்டியைப் பிரித்துத் தன் கையால் பூட்டியது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"தம்பி, செயின் திரும்பியிருக்கு. மேல்பக்கத்துப் பல்லு பட்டையோட நுனியைப் பாத்து இருக்கணும். இது உங்களைப் பாத்து இருக்கு."

"புது மெஷின்னா அப்படித்தான் அண்ணி. பழகணும்."

"அந்த மூடியைக் கழட்டி மாத்திப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. நான் போடுறேன்."

கொழுந்தன் ஒரு கையால் காபியைக் குடித்துக்கொண்டே, இன்னொரு கையால் கிடங்குச் சிநேகிதனுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூடியைக் கழற்றுகிற ஸ்பேனர் அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து அவன் முன்னால் போய் நின்றார்.

"ஸ்பேனரைக் குடுங்க" என்று வலது கையை நீட்டினார்.

போனைக் காதில் வைத்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், குடித்து முடித்த காபி டம்ளரை அந்தக் கையில் வைத்தான்.

அக்கா டம்ளரைத் தரையில் வைத்தார். மறுபடியும் கையை நீட்டினார்.