உலு திராம் எம்.சி.

காய்ச்சல் முகத்தோடு வேனில் ஏறிய ரூபினிக்குப் பிரேமலா நகர்ந்து இடம் கொடுத்தாள். மலேசியாவின் உலு திராமிலிருந்து பாலம் தாண்டி, சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகும் வேன் அது.

"டாக்டர் மூணு நாள் லீவுக்கு எம்.சி. சீட்டு கொடுத்தாருன்னு சொன்ன. ரெண்டு நாள்தானே ஆச்சு, ஏன் வந்த?"

"நேத்து சூப்பர்வைசர் போன் பண்ணாங்கக்கா. சொல்லாம எங்க போனேன்னு கேட்டாங்க. இன்னிக்கு ஆபீஸ்ல வந்து பாக்கணுமாம்."

"நீ சொல்லலையா?"

"வேன் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேனே."

"அலமாக்! அதுல இருக்கிறது எல்லாம் நம்ம ஆளுங்க. சிங்கப்பூர்க்காரன் யாருடி இருக்கான்?"

ரூபினி முன்பு வேலை பார்த்த உலு திராம் தொழிற்சாலையில் சூப்பர்வைசரும் அதே வேனில்தான் வருவார். குரூப்பில் ஒரு வரி போட்டால் போதும். வேனும் காத்திருக்காது, லீவும் சொன்னதாகிவிடும். அந்தத் தொழிற்சாலை மூடியபின், சிங்கப்பூர் வேலைக்குச் சேர்ந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கணவர் காளிதாஸுக்கு விபத்தில் கால் முறிந்ததிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"எம்.சி. எந்த கிளினிக்?"

"நம்ம மார்க்கெட் பக்கத்துல."

"அது அங்க செல்லாது லா. சிங்கப்பூர் டாக்டர் கொடுக்கணும்." பிரேமலா குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் ஒருத்திக்கு இப்படித்தான். மத்தியானமே வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிட்டாங்க."

பாலத்தில் வேன் ஊர்ந்தது. குடிநுழைவுச் சாவடியில் ரூபினி கட்டைவிரலை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மனிதவளப் பிரிவில் இருந்த சாருமதி, சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். எம்.சி.யைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத நாங்க ஏத்துக்க வேண்டியதில்ல. அத விடுங்க, ஒரு மெசேஜ்கூட இல்லையே? இன்னிக்கும் வராம இருந்திருந்தா நீங்களே ஒப்பந்தத்த முறிச்சிட்டதா எடுத்துக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு."

"அப்போ என் பெர்மிட், மேடம்?"

"அதுல கை வைக்கல. ரெண்டு நாள் சம்பளம் கிடையாது. எச்சரிக்கை கடிதம் வரும்." சாருமதி அவளை உற்றுப் பார்த்தார். "உடம்பு இப்பவும் கொதிக்குதா?"

ரூபினி தயங்கித் தலையசைத்தாள்.

"கீழ கிளினிக் இருக்கு, போய்ப் பாருங்க. மூணு மாசம் ஆகாததால சம்பளத்தோட லீவு வராது. ஆனா அந்த டாக்டர் லீவு கொடுத்தா நான் அப்ரூவ் பண்றேன்."

"இன்னிக்கு லைன் வேலைக்குப் போகலன்னா வேலை போயிடாதே?"

"போகாது."

எழுந்து கதவுவரை போனவள் திரும்பினாள்.

"கோச்சுக்காதீங்க, மேடம். இப்ப சொன்னத எனக்கு எழுத்துல அனுப்புறீங்களா? சூப்பர்வைசருக்கும் சேர்த்து."

சாருமதி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். செய்தி தன் போனுக்கு வந்து சேரும்வரை ரூபினி கதவருகிலேயே நின்றாள்.