டிக்காஷனில் வரைந்த வெள்ளம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஓட்டல் சுவரில் வெள்ளம் நின்ற அடையாளத்தைப் போட்டது வெள்ளம் அல்ல, நான்தான். டீ டிக்காஷனில் களிமண்ணைக் குழைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால், கோணல் விழக் கூடாதே என்று சணல் கயிறு பிடித்து வரைந்தேன். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். ஊரில் படித்தவர் என்று பெயர்.

இது நடந்தது திண்டிவனத்தில், சமீபத்திய மழைக்காலம் ஒன்றில். ஏரி உடைந்து, விடிகாலையில் கடைத்தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. என் வீடு ஊரின் அந்தக் கோடியில், மாடியில். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் மதியத்துக்கு மேல்தான் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு கடைக்கு வர முடிந்தது. அப்போது உள்ளே இடுப்பளவு தண்ணீர். மாஸ்டரும், பாத்திரம் கழுவும் அக்காவும் சமையல் மேடைமேல் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைவிடச் சின்னவர். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அப்படியே.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் செய்ததுதான் முட்டாள்தனத்தின் முதல் பாகம். அடுப்பு அணைந்த கடை என்று பெயர் வாங்குவதை ஓட்டல்காரனால் தாங்க முடியாது. சேறு படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டே யார் பொங்கல் சாப்பிடுவார்கள்? மூன்றே நாளில் சேற்றை வாரி, தரையைத் தேய்த்து, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாலாம் நாள் காலையில் இட்லி ஊற்றிவிட்டோம். எனக்கு ஒரே பெருமை. கிரைண்டர் மோட்டாரும் பிரிட்ஜும் செத்துவிட்டதால் அது பாக்கெட் மாவு இட்லி என்பது மட்டும் சின்னக் குறை. வாடிக்கையாளர்களுக்கு அது சின்னக் குறையாகத் தெரியவில்லை. ஒருவர் இட்லியைப் பிட்டு, மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டு, “இன்னா ஓனர், இட்லி உடம்பு சரியில்லாத மாதிரி கீது?” என்று கேட்டார். இரண்டே வாரத்தில் கூட்டம் பாதியாகிவிட்டது. மாஸ்டருக்குப் புதுச்சேரி சாலையில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. கிரைண்டர் வராவிட்டால் மாஸ்டர் இருக்க மாட்டார், மாஸ்டர் இல்லாவிட்டால் கடை இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரத்தில்தான் வெள்ளத்தில் பாதித்த சிறு கடைகளுக்கு அரசு நிவாரணம் தருகிறது, விண்ணப்பிக்கலாம் என்று தெரியவந்தது. ஓடிப்போய் விண்ணப்பித்தேன். படிவத்தில் ‘சேத விவரம்’ என்ற இடத்தில் என் மொழித்திறமை முழுவதையும் காட்டினேன். படிவத்தை வாங்கியவர், “போட்டோ?” என்றார். வெள்ளம் வந்த அன்றைக்குக் கரண்டும் இல்லை, செல்போனில் சார்ஜும் இல்லை. “பரவால்ல சார், நேர்ல வந்து பார்ப்பாங்க. தண்ணி நின்ன தடம் இருந்தாப் போதும்” என்றார்.

தடம்! நான் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கி அழித்த தடம்! எங்கள் வரிசையில் மேட்டில் இருக்கும் டெய்லருக்கு வந்தது முழங்கால் தண்ணீர்தான். அவர் அந்தச் சேற்றை அருங்காட்சியகம் போலத் தொடாமல் பாதுகாத்து வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், மதிய வியாபாரம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முன்பு சொன்ன ஓவியத்தைத் தீட்டினேன். அதிலும் ஒரு நேர்மை வைத்திருந்தேன். டிராக்டரிலிருந்து இறங்கி நான் கண்ணால் பார்த்த இடுப்பளவு எதுவோ, அதே உயரம்தான். நடந்ததைத்தானே வரைகிறோம், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் வாதாடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். அசல் வெள்ளமே தோற்றுவிடும்.

காலை பதினொரு மணிக்கு வருவாய்த் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு பைல், தோளில் ஒரு பை. சுவரைப் பார்த்தார். காலை வியாபாரத்தில் அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பாத நானும் பார்த்தேன்.

நான் வரைந்த கோட்டின் மேல், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, கறுப்பாக எறும்புகள். போகிற வரிசை ஒன்று, வருகிற வரிசை ஒன்று. எந்தத் திருவிழாவிலும் மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகப் போய் நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா கோட்டை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். “சார், இது டீயா?”

“வெள்ளத்துல எல்லாம் கலந்துதானே மேடம் வரும்” என்றேன்.

“சக்கரை போட்டா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. அதோடு நின்றிருக்கலாம். சமையலறையிலிருந்து மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து, தொழில் கௌரவத்தோடு விளக்கினார்: “டிக்காஷன் கொதிக்க சொல்லவே சக்கரை போட்டுடுவேன் மேடம். அப்பத்தான் கலர் நிக்கும்.”

பதினெட்டு வருடமாக அந்தக் கடைக்கு நான் முதலாளி. டிக்காஷனில் முதலிலேயே சர்க்கரை போடுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா பேனாவை மூடினார். “சார், இதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதினா அப்ளிகேஷன் போறது மட்டும் இல்ல. அரசாங்கத்தை ஏமாத்தப் பார்த்தீங்கன்னு ஆயிடும். உங்களுக்குப் புரியுதா?”

புரிந்தது. கிரைண்டர், கடை எல்லாம் மறந்துபோய், போலீஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது டெய்லர் வாசலில் நிற்பாரே என்ற ஒரே நினைப்புதான்.

அப்போதுதான் அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். “மேடம், கோச்சிக்காதீங்க. எங்க ஓனரு ஒண்ணும் தெரியாதவரு. நெஜத் தடம் உள்ள கீது, வாங்க.”

சாமான் அறையின் கதவு எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். அதன் பின்பக்கத்தை யாரும் கழுவவுமில்லை, பெயிண்ட் அடிக்கவுமில்லை. அக்கா அதை இழுத்துச் சாத்தினார். பலகையில் சேறு காய்ந்து கோடாக நின்றது. நான் வரைந்ததைவிட முக்கால் முழம் மேலே. என் நெஞ்சுக்கு நேராக.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நடந்ததைவிடக் கம்மியா பொய் சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

“இவ்வளவா ஏறிச்சு?” என்றேன் நான்.

“எனக்கு இங்க வந்துச்சுணா” என்று அக்கா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “நானும் மாஸ்டரும் சிலிண்டரைக் கயட்டி, அரிசி மூட்டையப் பரண்ல ஏத்திக்கினு இருந்தோம். திபுதிபுன்னு ஏறிடுச்சு. அப்புறம் மேடை மேல ஏறி நின்னுக்கினோம். மாஸ்டரு ஒரு கையில என்னைப் புடிச்சிக்கினு இருந்தாரு.”

“ஏங்க்கா என்கிட்ட சொல்லலை?”

“நீங்க எங்கணா கேட்டீங்க? வந்ததும் ‘கல்லாப் பக்கம் வெச்சிருந்த புக்கெல்லாம் என்னாச்சு’ன்னுதான் கேட்டீங்க. பத்திரமா கீதுன்னு சொன்னேன்.”

குத்திக் காட்டிப் பேசவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அப்படித்தான் கேட்டிருந்தேன். புத்தகங்கள் பரண்மேல் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் காய்ந்த நிலையில் இருந்ததைப் பார்த்து, அன்றைக்குச் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது.

அந்த அம்மா கதவுத் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டே, “உங்க வீட்டுக்குத் தண்ணி வரலியாம்மா?” என்று கேட்டார்.

“வந்துச்சு மேடம். ஒரு பக்கத்து செவுரு வுழுந்துடுச்சு. நாங்க மாதா கோயில் கூடத்துல படுத்துக்கினு இருக்கோம்.”

அக்காவின் ஊர் பிரம்மதேசம் பக்கம். தினமும் முதல் பஸ்ஸில் வந்து, நாலரை மணி பஸ்ஸுக்குப் போவார். இரண்டு வாரத்துக்கு மேலாக அவர் பிள்ளைகளோடு கோயில் கூடத்தில் படுத்து எழுந்து வேலைக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

“இடிஞ்ச வீட்டைக் கணக்கெடுக்க வந்தாங்களே, எழுதிக்கினு போகலியா?”

“வந்தாங்களாம் மேடம். வூடு பூட்டிக் கெடந்துச்சுன்னு போய்ட்டாங்களாம். அன்னிக்குத்தான் நான் இங்க சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருந்தேன்.”

எறும்பைப் பார்த்தபோது வந்தது பயம். இதைக் கேட்டபோது வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. என் சுவர் வெள்ளையாக வேண்டும் என்று நான் அவசரப்பட்ட அதே நாளில், அவர் சுவர் விழுந்தது யார் கணக்கிலும் ஏறாமல் போய்விட்டது. சுண்ணாம்பு அடித்த அன்று மாலை அவருக்கு நான் ஒரு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னதையும், அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா பைலை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: “கதவை எழுதிக்கிறேன். டீயை நான் பார்க்கலை. ஆனா அந்தச் சுவரை இப்பவே நீங்களே துடைங்க. திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. இவங்களைக் கூட்டிக்கினு போய்க் குடுங்க. நீங்களே போகணும், ஆளை அனுப்பக் கூடாது.”

வாளியும் துணியும் எடுத்து, சாப்பிடுகிறவர்கள் பார்க்கப் பார்க்க, மேஜை மேஜையாக நகர்ந்து துடைத்தேன். டெய்லர் வந்து, “வெள்ளை நல்லாத்தானே இருந்துச்சு, அதுல எதுக்குக் கோடு போட்டீங்க?” என்றார். நான் துணியை வாளியில் பிழிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மனு எழுதினேன். மூன்று பக்கம். வெள்ளத்தின் சீற்றம், உழைக்கும் பெண்ணின் தியாகம், என் மனசாட்சியின் குரல் என்று ஒன்றும் பாக்கியில்லை. திங்கட்கிழமை விழுப்புரத்தில் வரிசையில் நின்று மனுவை நீட்டினோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் பொறுமையாக முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், மூன்றாவதைத் திருப்பினார். “சார், இதுல இந்தம்மா வீடு எங்க வருது?” என்றார். “மூன்றாம் பக்கம், கடைசியில்” என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அக்காவிடமே கேட்டார். பேர், ஊர், ரேஷன் கார்டு, எந்தப் பக்கத்துச் சுவர், கணக்கெடுப்பு அன்றைக்கு ஏன் வீட்டில் இல்லை. அக்கா மூச்சு விடாமல் சொன்னார். நாலே வரி. கீழே கையெழுத்துப் போட்டார். முடிந்தது. என் மூன்று பக்கத்தை அவர் மரியாதையாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விடுபட்டவர்கள் பட்டியலில் அக்கா பெயர் சேர்ந்து, இரண்டு மாதத்தில் உதவி வந்தது. இப்போது செங்கல் சுவர். எனக்கும் கொஞ்சம் வந்தது. பழைய கிரைண்டர் ஒன்று வாங்கினேன், மாஸ்டர் தங்கினார். ஆனால் சாமான் அறைக் கதவை இன்றுவரை கழுவவில்லை. ஒரே கடைக்குள் ஒருத்திக்குக் கழுத்துவரை வந்த தண்ணீர், அதன் முதலாளிக்கு இடுப்பளவு என்றுதான் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததுதான் நடந்தது என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் அந்தக் கதவு ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பப் போகிறேன் என்று போன வாரம் அக்காவிடம் சொன்னேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: “எழுதுங்கணா. இதுலயாச்சும் மொதப் பக்கத்துல என் செவுரு வருமா, இல்ல நீங்கதானா?”