இஸ்திரி போட்ட உடையில் ஆஸ்பத்திரிக்கு

எங்கள் கவுன்ட்டி, அதாவது மாவட்டம், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. இங்கே கறுப்புப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதைப் பார்த்தால் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நெஞ்சுவலியோ, கை முறிவோ, எதுவானாலும் முதலில் இஸ்திரிப் பெட்டி சூடாகும். பிறகு குளியல், முத்துமாலை, உதட்டுச் சாயம். சிரிக்காதீர்கள், இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இப்படிக் கிளம்பும்படி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் வெர்லின் டூக்ஸ். கவுன்ட்டி சுகாதார நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பிரசவ நர்ஸ். ஊரில் பாதிப்பேரை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். அந்த உரிமையில் யாரையும் தெருவில் நிறுத்தித் திட்டுவார். முப்பது வயது ஆம்பளையைக்கூட, "உன் தலை வெளிய வர்றதுக்கு நான் எட்டு மணி நேரம் முழிச்சிருந்தேன், நீ எனக்கு ஒரு வணக்கம் சொல்ல மாட்டியா?" என்பார். வாயைத் திறந்தால் அப்படித்தான்.

புதன்கிழமை சாயங்காலங்களில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கர்ப்பிணிப் பெண்களைக் கூட்டிவைத்து வகுப்பு எடுப்பார். இரும்புச் சத்து மாத்திரை, கால் வீக்கம் எல்லாம் பேசி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். அதை வைத்தால் முக்கியமான விஷயம் வருகிறது என்று அர்த்தம்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குளிச்சிட்டுப் போங்க. இருக்கறதுலயே நல்ல துணியைப் போடுங்க. காலேஜ் படிச்சிருந்தா அங்க குடுத்த பின்னைச் சட்டையில குத்திக்கங்க. சத்தம் போடக் கூடாது. 'மேடம்', 'சார்'னு மரியாதையாப் பேசுங்க. நீங்க யாருன்னு அவங்க முடிவு கட்டறதுக்கு முன்னாடி நீங்களே காட்டிடணும். புரியுதா?"

எல்லோரும் தலையாட்டுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய தங்கை ஆர்டெல்லின் கதை எல்லோருக்கும் தெரியும். கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தாள். ஒருநாள் வயிற்றுவலி தாங்காமல், ரத்தக்கறை படிந்த வேலை உடுப்போடு, கத்திக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். அங்கே இருந்தவர்கள் போதை மாத்திரைக்கு நடிக்கிறாள் என்று முடிவுகட்டி உட்கார வைத்தார்கள். நாலு மணி நேரம். உள்ளே குடல்வால் வெடித்திருந்தது. செத்துப்போனபோது ஆர்டெல்லுக்கு இருபத்துநாலு வயது. அன்று அவள் வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு போயிருந்தால் என்று வெர்லின் நினைக்காத நாளே கிடையாது.

துக்கத்தை மனசுக்குள் பூட்டிவைக்கிற ஆள் இல்லை அவர். ஒரு நீல நோட்டு வாங்கினார். எந்தப் பெண் எந்த வலியோடு போனாள், எத்தனை நேரம் உட்கார வைத்தார்கள், அதே நேரத்தில் வந்த வெள்ளைக்காரி எப்போது உள்ளே போனாள் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். கவுன்ட்டிக் கூட்டம் எங்கே நடந்தாலும் அந்த நோட்டோடு போய் நிற்பார். "வந்துட்டாங்கய்யா நோட்டுக்காரம்மா" என்று அதிகாரிகள் முணுமுணுப்பது அவர் காதிலேயே விழும். உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு காலை கெசையா பவுண்ட்ஸ் போன் செய்தாள். நாலாம் வகுப்பு டீச்சர், புதன்கிழமை வகுப்பில் முன்வரிசைக்காரி. குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"மிஸ் வெர்லின், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து தலைவலி விடவே மாட்டேங்குது."

"கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்கா?"

"லேசா..."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு கண்ணு. குழந்தையை உன் புருஷன் டெரிக் பார்த்துக்கட்டும். எப்படிப் போகணும்னு தெரியுமில்ல?"

"தெரியும், மிஸ் வெர்லின்."

தானும் கூடப் போயிருக்கலாம். ஆனால் அன்று பாடகர் குழுவில் அவர்தான் முதல் குரல். ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டார். மத்தியானம் ஆராதனை முடிந்ததும், கோழி வறுவலும் கீரையும் சோள ரொட்டியும் ஒரு தட்டில் வைத்து மூடிக்கொண்டு, கெசையாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்நேரம் மேலே வார்டில் படுத்திருப்பாள் என்றுதான் நினைத்தார்.

கெசையா வாசல் கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத நீல உடை. காலேஜ் பின். மடியில் கைப்பை. உதட்டுச் சாயம் கொஞ்சம்கூடக் கலையவில்லை. இரண்டு மணி நேரமாக அப்படியே இருக்கிறாளாம்.

"என்னடி இது, இன்னும் இங்கயே இருக்க?"

"கூப்பிடுவாங்க, மிஸ் வெர்லின். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று கெசையா அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

தட்டு கீழே விழுந்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குள் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தாத வெர்லின் அன்று கத்திய கத்தல் வண்டி நிறுத்தும் இடம் வரை கேட்டதாம்.

"இவளுக்குக் கண்ணு தெரியல! பிள்ளை பெத்து ஒன்பது நாள்! யாராச்சும் வந்து பிரஷர் பாருங்கடா பாவிகளா!"

வாசல் நர்ஸ் பிரென்னா, செம்பட்டை முடிக்காரப் பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாதவள், பிரஷர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு நூற்றுப் பதினாறு, பிள்ளை பெற்றவளின் உயிரையே எடுக்கிற அளவு. படுக்கையில் ஏற்றும்போதே கெசையாவுக்கு ஜன்னி கண்டு கைகால் வெட்டி இழுத்தது. வெர்லின் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இன்னொருத்தி வேண்டாம், இன்னொருத்தி வேண்டாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழைத்துக்கொண்டாள். அந்த நன்றியை இன்றைக்கும் எங்கள் சர்ச்சில் சொல்லி முடிக்கவில்லை.

மூன்றாம் நாள் கண்பார்வை தெளிந்தது. வெர்லின் நீல நோட்டும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி, அந்த ஆஸ்பத்திரியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

"எத்தனை மணிக்கு வந்த, சொல்லு."

"பத்தரைக்கு."

"நான் சொன்னது ஒன்பதரைக்கு. இருக்கிறதோ பத்து நிமிஷ வழி. அதுவரைக்கும் என்ன பண்ணின?"

கெசையா தயங்கினாள். "உடை இஸ்திரி போட்டேன். கை நடுங்கிட்டே இருந்துச்சு, அதான் நேரமாயிடுச்சு. லிப்ஸ்டிக் ரெண்டு தடவை கோணலாப் போச்சு. துடைச்சிட்டுத் திரும்பப் போட்டேன். அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட லேசான தலைவலிதான் மேடம்னு மரியாதையாச் சொன்னேன். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியேதான் செஞ்சேன், மிஸ் வெர்லின்."

வெர்லினால் பேனாவை எடுக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரென்னா கதவோரம் வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "அவங்க அவ்வளவு நல்லா உடுத்தியிருந்தாங்க. சிரிச்சாங்க. 'நோயாளி நலமாகத் தெரிகிறார்'னு எழுதி வெச்சிட்டேன். தப்பு என் மேலதான், அம்மா."

"உன் மேலயும்தான்" என்றார் வெர்லின். பூசி மெழுகுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "இவ கத்திட்டு வந்திருந்தா என்னன்னு எழுதியிருப்ப? உண்மையைச் சொல்லு."

பிரென்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "தெரியல. 'கலாட்டா செய்கிறார்'னு எழுதியிருப்பேனோ என்னமோ" என்றாள்.

அந்தப் பதிலுக்காக வெர்லின் அவளை இன்றுவரை மதிக்கிறார். அத்தனை கூட்டங்களில் ஒரு அதிகாரிகூட அவருக்கு அவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை. நாங்கள் என்ன உடுத்தினாலும், எப்படிப் பேசினாலும் அது எங்களுக்கே எதிராகத் திரும்பும் என்றால், குறை உடையில் இல்லை, முகத்தைப் பார்த்து எழுதுவதில் இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா. முகத்தைப் பார்க்காம கையைப் பார்க்கறதுக்கு ஒரு வழி யோசிப்போம்" என்றார்.

வழி சின்னதுதான். யார் வந்தாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன் கையை நீட்டவேண்டும், வாசலிலேயே பிரஷர் பார்க்கவேண்டும். பெண்ணாக இருந்தால் ஆறு வாரத்துக்குள் பிள்ளை பெற்றாயா என்று கேட்கவேண்டும். வலி எவ்வளவு என்று நோயாளி என்ன சொல்கிறாரோ அதே வார்த்தையில் எழுதவேண்டும், நர்ஸின் அபிப்பிராயம் தேவையில்லை. இந்தச் சின்ன விஷயத்துக்குப் பதினோரு கூட்டம். நேரமில்லை என்றார்கள், ஆளில்லை என்றார்கள், இங்கே அந்த மாதிரி பாகுபாடே கிடையாது என்றார்கள். அத்தனைக்குப் பிறகும் உத்தரவு வரவில்லை என்று பிரென்னா தானாகவே ஒருநாள் கருவியை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டாள். பின்னாலேயே உத்தரவு வந்தது. அவளுடைய வேலை போகாமல் இருந்ததும் ஆண்டவன் கருணை.

அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று வெர்லினுக்கு பாக்கி இருந்தது. எங்கள் சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு, எழுந்து நின்று கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்வோம். ஒரு ஞாயிறு அவர் எழுந்தார். நன்றி சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு ஒண்ணு தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க. ராத்திரி உடுப்போட போங்க, வெறுங்காலோட போங்க. கத்துங்க. என் பயத்தை உங்க தலையில கட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

முதலில் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டவள் கெசையா, இடுப்பில் குழந்தையோடு. "நீங்க போட்ட சத்தத்துலதான் நான் இருக்கேன், மிஸ் வெர்லின்" என்றாள்.

வெர்லின் ஓய்வுபெற்றார். புதன்கிழமை வகுப்பைக் கெசையா எடுத்துக்கொண்டாள். போன நவம்பரில் ஒரு காலை, சாப்பிட்டு எழுந்த வெர்லினுக்கு விலாவுக்குக் கீழே கத்தியால் குத்தியது போல வலி. வலியோடு வலியாகக் கை தானாக அலமாரிக்குப் போய் முத்துமாலையை எடுத்தது. அவர் கணவர் லமார், தபால் கொடுத்து ஓய்ந்த மனிதர், கார் சாவியோடு கதவருகில் நின்றார்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

வெர்லின் மாலையைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார். ராத்திரி அங்கி, தலையில் தூங்கும்போது போடும் பட்டுத்தொப்பி, லமாரின் செருப்பு. அறுபத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கோலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வாசலில் பிரென்னாதான். உடையைப் பார்க்கவில்லை. கையை வாங்கிப் பட்டையைச் சுற்றினாள். "வலி எவ்வளவு இருக்கு, மிஸ் வெர்லின்?"

"கொஞ்சம்..." என்று பழக்கதோஷத்தில் வாய் ஆரம்பித்தது. கூடமெல்லாம் ஆட்கள். வெர்லின் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வலிக்குதும்மா. என்னால தாங்க முடியல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, பிரென்னா படுக்கை கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

பித்தப்பையில் கல். அன்று மத்தியானமே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் லமார் குனிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வெர்லின் வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணிலிருந்து நீர் காதுவரை வழிந்தது.

"வலிக்குதுன்னு சொன்னேன், லமார்" என்றார். "நம்பிட்டாங்க."