லாபிர் தேடிக் கொடுத்த நம்பர்

வவுனியாவில் பூட்டு விழுந்த கார் றேடியோ என்றால் எல்லோரும் கையைக் காட்டியது லாபிரின் கடையைத்தான். களவுக்குப் பயந்து செய்த பூட்டு அது. காருக்கு மின்சாரம் தரும் பற்றியை, அந்த பாட்டரியைக் கழற்றி மாட்டினால் றேடியோ நாலு இலக்க நம்பர் கேட்கும். பித்தானைப் பிழையாக அமத்தினால் வாயை இறுக மூடிக்கொள்ளும். லாபிருக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. றேடியோவை மட்டும் பையில் போட்டுக் கொண்டுவந்தால் தொடமாட்டார். கார் கடை வாசலில் நிற்க வேண்டும். எந்தப் பெரிய மனிதரின் பெயரைச் சொன்னாலும் மசியமாட்டார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவர். தன் வீட்டுச் சாமான்கள் யார் கைக்குப் போயின என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பிடிவாதம் அவருக்கு அழகாகத்தான் இருந்தது.

சண்டை நின்று வடக்குக்குப் பாதை திறந்து அடுத்த வருடம், பரந்தனிலிருந்து மயில்வாகனம் என்ற கமக்காரர் தன் பழைய காரோடு வந்து சேர்ந்தார்.

“பற்றியை ஏன் ஐயா கழட்டினனீங்கள்?”

“எங்கட பக்கம் கரண்ட் இல்லைத் தம்பி. பொழுதுபட்டா வீட்டு லைற் அதிலதான். விடியக் கொண்டுவந்து திரும்ப மாட்டுவன்.”

“அப்ப ஒவ்வொரு நாளும் நம்பர் அமத்தியிருப்பியள். எப்பிடி மறந்தது?”

“நான் அமத்துறது மட்டும்தான். குசினிக்குள்ள நிண்டு நம்பரைச் சொல்லுறது மனுசி. நாகேஸ்வரி. அவா மோசம்போயிட்டா, செத்தவீடும் முடிஞ்சுது.”

லாபிர் றேடியோவை வெளியே இழுத்தெடுத்தார். பிறகு, “பழசை அழிச்சுப்போட்டுப் புது நம்பர் போட்டுத் தாறன். இப்பவே பாடும்” என்றார்.

“பாட்டு என்னத்துக்குத் தம்பி? எனக்கு அவா சொன்ன நம்பர்தான் வேணும்.”

லாபிருக்கு எரிச்சல் வந்தது. புது நம்பர் போடுவது சின்ன வேலை. பழைய நம்பரை எடுப்பதென்றால், அது பதிந்திருக்கும் அரிசிமணி அளவான சில்லைச் சூடுகாட்டிக் கழற்றி, கம்பியூட்டரில் வைத்துப் படிக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் நம்பர் ஒரேயடியாகப் போய்விடும். அதை ஒளிக்காமல் சொன்னார். மயில்வாகனம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். லாபிர் வந்த வேலைகளையெல்லாம் நாளைக்கு என்று திருப்பியனுப்பினார். மூச்சு விடவும் பயந்து அந்தச் சில்லைக் கழற்றியெடுத்தார். தனக்கொரு சதமும் மிச்சமில்லாத வேலையில் அப்படிக் குனிந்திருந்த மனிதரைக் கும்பிடலாம்.

“மூண்டு, ஒண்டு, ஏழு, ரெண்டு” என்று கடைசியில் படித்தார்.

மயில்வாகனத்தின் முகம் மாறவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு உதடு மெல்ல அசைந்தது.

“முப்பத்தொண்டு... எழுபத்திரண்டு. அவா இப்பிடித்தான் சொல்லுறவா. முப்பத்தொண்டு, எழுபத்திரண்டு.”

லாபிர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சில்லைப் பழையபடி ஒட்டிக் காரில் மாட்டினார். மயில்வாகனம் தானே நம்பரை அமத்த, றேடியோ பாடியது.

“ஐயா, இனி அது நம்பர் கேக்காமப் பண்ணிவிடட்டே?”

“வேண்டாம் தம்பி. ஒவ்வொரு நாளும் பற்றியைக் கழட்டி மாட்டத்தானே போறன். கேக்கட்டும்.”